காணி உறுதியும் இருபத்து நான்கு சொற்களும்

விடுமுறையில் ஊருக்கு வரும் எமது இளைஞர்கள் சிலர் இப்போது ஒரு புதிய கேள்வியோடு கடை வாசலுக்கு வருகிறார்கள். "மாமா, கொஞ்சம் பிட்கொயின் வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் பூட்டி வைக்க எந்தப் பெட்டி நல்லது? லெஜரா, ட்ரெசரா?" கருவாட்டுக்கும் சீமெந்துக்கும் விலை சொல்லிப் பழகியவனிடம் இப்படிக் கேட்டால் என்ன செய்வது? படித்துப் பார்த்தேன். அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு விடயங்கள். இந்த நாணயம் ஆகுமானதா என்பதில் உலமாக்கள் ஒரே கருத்தில் இல்லை. எகிப்தின் தாருல் இஃப்தா 2018 இல் கூடாது என்றது. மலேசியப் பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனை சபையோ 2020 இல், பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்ச்களில் இவற்றை வாங்கி விற்கலாம் என்றது. அதை ஆலிம்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எமது மத்திய வங்கி 2021 இல் வெளியிட்ட அறிவித்தலில், இத்தகைய தொழிலுக்கு எந்த நிறுவனத்துக்கும் அனுமதி வழங்கவில்லை என்றும், இதற்குப் பணம் செலுத்த டெபிட், கிரெடிட் அட்டைகளைப் பயன்படுத்த முடியாது என்றும் எச்சரித்தது. ஆகவே வாங்குங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஏற்கனவே வைத்திருப்பவர் எப்படி வைத்திருக்கிறார் என்பதுதான் விடயம்.

பலரும் வாங்கிய நாணயத்தை வாங்கிய எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவிடுகிறார்கள். உண்டியல்காரரிடம் காசைக் கொடுத்துவிட்டு அவருடைய துண்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது போன்றது இது. 2022 நவம்பரில் எப்டிஎக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் விழுந்தபோது வாடிக்கையாளரின் பல நூறு கோடி டொலர் பணம் பெட்டியில் இருக்கவில்லை. அதன் தலைவருக்கு 2024 இல் 25 வருடச் சிறை விதிக்கப்பட்டது.

இந்தப் பயத்தால்தான் ஹார்ட்வெயார் வொலட் என்ற கருவி வந்தது. பார்வைக்கு பென் ட்ரைவ் போல இருக்கும். பெயரைக் கேட்டு நாணயம் அதற்குள் இருப்பதாக எண்ண வேண்டாம். உள்ளே இருப்பது இரகசியச் சாவி ஒன்றுதான். காணி வெளியே கிடக்கிறது, உறுதி பெட்டிக்குள் இருக்கிறது, அவ்வளவே. சாவி கருவியை விட்டு வெளியே வராது. பணம் அனுப்பும்போது கருவி உள்ளேயே கையெழுத்திட்டு, கையெழுத்தை மட்டும் கணினிக்குக் கொடுக்கும். கணினியில் வைரஸ் இருந்தாலும் சாவி அகப்படாது.

இனி கேட்ட கேள்விக்கு வருவோம். லெஜர் பிரான்ஸ் நாட்டுக் கம்பனி. வங்கி அட்டையில் இருப்பது போன்ற பாதுகாப்புச் சிப் ஒன்றில் சாவியை வைக்கிறது; ஆனால் உள்ளே ஓடும் மென்பொருள் முழுவதும் வெளியாரின் பார்வைக்குத் திறந்ததல்ல. செக் நாட்டு ட்ரெசர் 2014 இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. அதன் மென்பொருளை யாரும் பார்த்துச் சோதிக்கலாம். ஆனால் அதன் பழைய வகைகளில் பாதுகாப்புச் சிப் இல்லை. கருவி கையில் கிடைத்தால் பதினைந்து நிமிடத்தில் இரகசியத்தை எடுத்துவிடலாம் என்று 2020 ஜனவரியில் கிராக்கன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மேலதிகமாக ஒரு கடவுச்சொல் வைத்திருந்தவருக்கு அந்த ஆபத்து இல்லை. 2023 இல் வந்த சேஃப் 3 வகையில் சிப்பும் சேர்ந்துவிட்டது. கனடாவின் கோல்ட்கார்ட் பிட்கொயினுக்கு மட்டும் உரியது, கணினியோடு இணைக்காமலே வேலை செய்யும், ஆனால் புதியவருக்குக் கஷ்டம். முதல் இரண்டிலும் மலிவான வகைகள் நூறு டொலருக்குள் அடங்கும். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. எதை வாங்கினாலும் கம்பனியிடமே நேரடியாக வாங்குங்கள். சொற்களை ஏற்கனவே அச்சிட்டு, சுரண்டிப் பார்க்கச் சொல்லும் அட்டையோடு மறுவிற்பனைக்கு விட்ட கருவியை வாங்கிப் பணத்தை இழந்தவர் 2018 இல் உண்டு.

ஆனால் நல்ல பெட்டி இருந்தும் பணம் போயிருக்கிறது. இந்தியாவின் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 2024 ஜூலை 18 அன்று ஏறக்குறைய 23 கோடி டொலர் களவு போனது. கையெழுத்திட்ட தன் ஆட்கள் லெஜர் கருவிகளையே பயன்படுத்தியதாக அந்த நிறுவனமே சொன்னது. திரையில் கண்டது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்பது அதன் விளக்கம். வாசிக்காமல் காசோலையில் ஒப்பமிடும் முதலாளியை எந்த இரும்புப் பெட்டி காப்பாற்றும்? முகவரியையும் தொகையையும் கணினியில் பார்ப்பது போதாது, கருவியின் சிறிய திரையில் எழுத்தெழுத்தாகப் பார்த்தே பொத்தானை அழுத்த வேண்டும்.

அந்தக் களவில் தொடப்படாத வேறு நாணயம் வைத்திருந்த ஒரு பெண்மணியின் கணக்கும் முடக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, பிறர் பொறுப்பில் அமானத்தாக வைக்கக்கூடியது என்று நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஒக்டோபரில் தீர்ப்பளித்தார். சொத்து என்றால் ஸகாத்தும் வாரிசுரிமையும் கூடவே வரும் என்பது நான் சேர்த்துக்கொள்வது.

இந்த இடத்தில்தான் எமக்குச் சொந்தமான ஒரு கணக்கு இருக்கிறது. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் உப்புக்குளத்திலும் நகையையும் பணத்தையும் பறிகொடுத்து, கடல் வழியாகக் கற்பிட்டியில் இறங்கியவர்கள் நாங்கள். "இது அன்று இருந்திருந்தால் சொத்தை மனதில் வைத்துக்கொண்டு படகேறியிருக்கலாம்" என்று ஒரு பிள்ளை சொன்னார். பாதி சரி. கருவியை முதலில் இயக்கும்போது அது பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைத் தரும். கருவி கடலில் விழுந்தாலும், அந்தச் சொற்கள் இருந்தால் புதுக் கருவியில் சொத்து திரும்ப வரும்.

மறுபாதியையும் கேளுங்கள். லெஜர் கம்பனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான டேவிட் பலாண்ட் 2025 ஜனவரியில் பிரான்ஸில் கடத்தப்பட்டு, விரல் துண்டிக்கப்பட்டார். ஆயுதத்துக்கு முன்னால் மனப்பாடமும் பூட்டல்ல. 2020 இல் அந்தக் கம்பனியிடமிருந்து வாடிக்கையாளர் இலட்சக்கணக்கானோரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் வெளியே கசிந்தன. கருவிக்குள் எவரும் நுழையவில்லை, ஆனால் யாரிடம் கருவி இருக்கிறது என்று கள்வருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு சொற்களைக் கேட்டு மின்னஞ்சல்கள் வந்தன, போலிக் கருவிகள்கூடத் தபாலில் வந்தன. சொற்களை எந்தக் கம்பனியும் கேட்காது, கேட்பவன் கள்வன். அவற்றைப் படமெடுத்துத் தொலைபேசியில் வைப்பதும் கூடாது.

காணி உறுதியைத் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்குக் காணிப் பதிவகம் இருந்தது, பிரதி எடுக்க முடிந்தது, எல்லையைச் சொல்ல அயலவர் இருந்தார்கள். இங்கே பதிவகம் இல்லை. பிரித்தானியாவின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹோவெல்ஸ் என்பவருடைய ஏறக்குறைய 8,000 பிட்கொயினின் சாவி இருந்த கணினித் தட்டு 2013 இல் குப்பைமேட்டுக்குப் போனது. தோண்டிப் பார்க்க அனுமதி கேட்ட வழக்கை நீதிமன்றம் 2025 இல் தள்ளுபடி செய்தது. உரிமையாளர் சொல்லாமல் மௌத்தாகிவிட்டால் வாரிசுகளின் நிலையும் இதுதான். பங்கு பிரிக்க நீதிமன்றம் போனாலும் பிரிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

சொற்களைத் தாளில் எழுதினால் எமது உப்புக் காற்றுக்கு அதிக காலம் தாங்காது. எவர்சில்வர் தகட்டில் பொறித்துக்கொள்வது நல்லது. ட்ரெசர் 2019 இல் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. இரகசியத்தை மூன்று பங்காக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி செய்யலாம். ஒன்று மட்டும் அகப்பட்டவனுக்குப் பயன் இல்லை. ஒரு பங்கு மன்னார் வீட்டில், ஒன்று புத்தளத்தில் இருக்கும் சகோதரியிடம், ஒன்று கொழும்பில் வங்கிப் பெட்டகத்தில். எந்தப் பங்கு எங்கே இருக்கிறது என்பதை வஸிய்யத்தோடு சேர்த்து ஒரு உறையில் எழுதி வைக்கலாம். அந்த உறையில் சொற்களை மட்டும் எழுதிவிட வேண்டாம்.