விசையை அழுத்தியும் வெளிச்சம் கூடவில்லையா?

மாமல்லபுரம் கடற்கரை கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அந்த வெயிலில் ஒரு மாணவன் மடிக்கணினியைத் திறந்தால் என்ன தெரியும்? அவன் முகம்தான் தெரியும்! எழுத்து தெரியாது.

வெளிச்சத்தைக் கூட்ட ஒரு விசை உண்டு. அதில் சின்ன சூரியன் படம் இருக்கும். அழுத்துகிறான். ஒன்றும் நடக்கவில்லை.

இரவில் வேறு தொல்லை. மின்சாரம் போய்விட்டது. வெளிச்சத்தைக் குறைத்தால் பாட்டரியில் இன்னும் கொஞ்ச நேரம் படிக்கலாம். திரையோ பளபளவென்று எரிகிறது. குறைய மாட்டேன் என்கிறது. திரைக்குப் பின்னால் உள்ள விளக்குதான் பாட்டரியை அதிகம் விழுங்குபவற்றில் ஒன்று.

"பலகை போய்விட்டது" என்று பெற்றோர் கடைக்கு ஓடுகிறார்கள். புதிய விசைப்பலகைக்குப் பணம் கொடுக்கிறார்கள். பல சமயம் பலகையில் ஒரு கோளாறும் இருப்பதில்லை!

விலையில்லாமல் வந்தது

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கியது லினக்ஸ். அதற்கு விலை இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் அதை வைத்து 'பாஸ்' என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, பல கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் இருந்தது. செங்கற்பட்டு வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது அப்படித்தான்.

பழைய விளக்கும் புதிய விளக்கும்

மாமல்லபுரம் குன்றின் மேல் ஓலக்கண்ணேசுவரர் கோவில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. பிறகு பக்கத்திலேயே கலங்கரை விளக்கம் கட்டினார்கள். இப்போது விளக்கு அங்கேதான். கோவிலில் ஏறித் தேடினால் விளக்கு கிடைக்காது.

மடிக்கணினியிலும் இதே கதை! திரையின் விளக்குக்கு இரண்டு வழிகள் இருக்கக்கூடும். ஒன்று பழைய வழி. மற்றொன்று படம் காட்டும் சில்லு வழியாகப் போகும் புதிய வழி. 2012-ல் விண்டோஸ் 8 வந்தது. அது புதிய வழியைப் பிடித்துக்கொண்டது. தயாரிப்பாளர்கள் பலர் பழைய வழியைச் சரியாகக் கவனிக்காமல் விட்டார்கள். லினக்ஸ் மட்டும் பழைய கோவிலிலேயே விளக்கைத் தேடிக்கொண்டிருந்தது. விசை சொல்வது கணினிக்குக் கேட்டது. விளக்குக்குப் போய்ச் சேரவில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம்

முதலில், 'எப்.என்.' என்ற விசையையும் சூரியன் விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சில கணினிகளுக்கு இரண்டும் வேண்டும். சிலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடலாம்.

முடியவில்லையா? திரையின் ஓரத்தில் உள்ள பட்டியலைத் திறந்து, வெளிச்சக் கோட்டை எலியால் இழுங்கள். வெளிச்சம் மாறினால் விளக்கு நலம். விசையின் செய்திதான் வந்து சேரவில்லை. கோடு நகர்ந்தும் வெளிச்சம் மாறாவிட்டால், வழி தவறிவிட்டது.

வழியை மாற்றுவது எப்படி? கணினி தொடங்கும்போது எந்த இயங்குதளம் என்று கேட்கும் பட்டியல் வரும். அது 'கிரப்'. அங்கே ஆங்கில 'இ' எழுத்தை அழுத்தினால் சில வரிகள் தெரியும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, 'ஏசிபிஐ', ஓர் அடிக்கோடு, 'பேக்லைட்', சமக்குறி, 'நேட்டிவ்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒட்டி எழுத வேண்டும். பிறகு 'எப் 10' விசை. 'நேட்டிவ்' பலிக்காவிட்டால் அடுத்த முறை 'வெண்டார்', அதற்கடுத்து 'வீடியோ'.

பயம் வேண்டாம். இப்படி எழுதியது அந்த ஒரு தடவைக்குத்தான். அணைத்துப் போட்டால் மறைந்துவிடும். பலித்த சொல்லை 'கிரப்' அமைப்புக் கோப்பில் எழுதிப் புதுப்பித்துவிட்டால் நிலைத்துவிடும்.

2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1-ல் ஹான்ஸ் டி கூட் என்ற நிபுணர் இதைச் சீர்படுத்தினார். ஒரு திரைக்கு ஒரே வழி என்று ஆக்கினார். ஆகவே பழைய லினக்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் புதுப்பித்துப் பார்ப்பது நல்லது. மற்ற விசைகளும் வேலை செய்யவில்லை என்றால்தான் பலகை மேல் சந்தேகம் வரவேண்டும். அப்போது கடைக்குப் போகலாம்.