உணவில் நீரின் பங்கு: பினாங்குச் சமையலறையை முன்வைத்து ஓர் அறிமுகம்

முன்னுரை

உணவு கெடுவதைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. முறுக்கும் அப்பளமும் நமத்துப்போகின்றன. சரியாகக் காயாத நிலக்கடலையும் மிளகாய் வற்றலும் பூசணம் பூக்கின்றன. சோறும் குழம்பும் ஊசிப்போகின்றன. இச்சொற்களை நாம் ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்குவதில்லை. முறுக்கு ஊசிப்போனது என்று எவரும் கூறார். இவ்வேறுபாட்டின் அடிப்படையில் இருப்பது நீர். உணவிலுள்ள நீர் எந்த நிலையில் உள்ளது என்பதே அவ்வுணவு எவ்வாறு கெடும் என்பதை முடிவு செய்கின்றது. உணவு அறிவியலின் இந்த அடிப்படைக் கருத்தைப் பினாங்குத் தமிழரின் உணவுப் பழக்கங்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரின் அளவும் நீர்ச் செயல்திறனும்

தக்காளியில் ஏறத்தாழ 94 விழுக்காடு நீர். சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு நீர். அரிசியிலும்கூட 12 முதல் 14 விழுக்காடு நீர் உண்டு. நீர் மிகுந்தால் உணவு விரைவில் கெடும் என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மையன்று. தேனில் சுமார் 18 விழுக்காடு நீர் இருப்பினும் அது பூசணம் பூப்பதில்லை. 10 விழுக்காடு நீர் மட்டுமே உள்ள நிலக்கடலையோ பூசணம் பூத்துவிடுகின்றது.

இதற்குக் காரணம் யாது? தேனிலுள்ள நீரின் பெரும்பகுதியைச் சர்க்கரை தன்னோடு பிணைத்து வைத்துள்ளது. நுண்ணுயிர் அந்நீரை எடுத்துப் பயன்படுத்த இயலாது. கடலையில் பெரும்பகுதி எண்ணெய். எண்ணெய் நீரைப் பிணைப்பதில்லை. ஆகவே, அதிலுள்ள சிறிதளவு நீரும் நுண்ணுயிருக்கு எளிதில் கிட்டுகின்றது. இவ்வாறு நுண்ணுயிர் பயன்படுத்தத்தக்க நீரின் அளவீட்டை நீர்ச் செயல்திறன் எனலாம். ஓர் உணவின் நீராவி அழுத்தத்தை, அதே வெப்பநிலையிலுள்ள தூய நீரின் ஆவி அழுத்தத்தால் வகுத்தால் இது கிடைக்கும். தூய நீருக்கு இதன் மதிப்பு 1. ஆஸ்திரேலிய அறிவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் 1950களில் வெளியிட்ட ஆய்வுகளே இக்கருத்தை உணவு அறிவியலில் நிலைபெறச் செய்தன.

உணவைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.91க்கு மேற்பட்ட நீர்ச் செயல்திறன் தேவை. பெரும்பாலான பூசணங்களுக்கு 0.80 போதும். 0.60க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகுவதில்லை. எனினும், 0.40 முதல் 0.50 வரை சென்றாலே மொறுமொறுப்பான பண்டம் அத்தன்மையை இழந்துவிடும். நம் மூன்று சொற்களும் இவ்வரிசையில் அப்படியே பொருந்துவதைக் காணலாம். முதலில் நமத்தல், அதற்கு மேலே பூத்தல், உச்சியில் ஊசிப்போதல்.

பினாங்கின் காற்று

திறந்து வைத்த உலர் உணவு, சுற்றியுள்ள காற்றோடு சமநிலை அடையும்வரை ஈரத்தை ஈர்க்கும். காற்றின் சார்பு ஈரப்பதம் 80 விழுக்காடாயின், அவ்வுணவின் நீர்ச் செயல்திறன் 0.80ஐ நோக்கி உயரும். பினாங்கில் ஆண்டின் பெரும்பகுதியிலும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே உள்ளது. அதாவது, இத்தீவின் காற்று பூசணம் தொடங்கும் எல்லைக்கே உணவைக் கொண்டு சேர்க்கின்றது. தூய உப்புகூட ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். ஜார்ஜ் டவுன் வீடுகளில் உப்பு ஜாடி அடிக்கடி ஈரமாவதன் காரணம் இதுவே.

இங்கு மழை மிகுந்த மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும் ஆகும். தீபாவளிப் பலகாரம் சுடும் காலமும் இதனை ஒட்டியே வருகின்றது. காய்ந்த எண்ணெயில் முறுக்கை இட்டதும் எழும் சலசலப்பு, மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் ஓசையாகும். சலசலப்பு அடங்கிய பின்னரே முறுக்கை எடுக்க வேண்டும் என்பது வீட்டுப் பெரியோர் கூறும் விதி. நீர் பெரும்பாலும் நீங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. முறுக்கு ஆறிய பின்னரே டின்னில் அடைக்க வேண்டும் என்பதும் அத்தகையதே. சூட்டோடு மூடினால், ஆவி மூடியின் உட்புறம் நீராகிப் பண்டத்தின் மீதே விழும்.

உப்பும் சர்க்கரையும்

வெயிலை மட்டும் நம்பி உணவைக் காயவைக்க இயலாத இடத்தில் உப்பும் சர்க்கரையும் துணை நிற்கின்றன. கருவாட்டில் உப்பு மீனின் நீரை வெளியே இழுப்பதோடு, எஞ்சிய நீரையும் பிணைத்துவிடுகின்றது. பினாங்கின் புகழ்பெற்ற ஜாதிக்காய் ஊறலில் இப்பணியைச் சர்க்கரை செய்கின்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினியார் மொலுக்கா தீவுகளிலிருந்து கொணர்ந்து பயிரிட்ட மரம் இது. அதன் கனியின் புளிப்பும் துவர்ப்பும் கொண்ட சதை, சர்க்கரையில் ஊறியே நெடுநாள் நிலைக்கின்றது.

இரண்டின் ஆற்றலும் ஒன்றல்ல. ஒரு கரைசலின் நீர்ச் செயல்திறனை 0.90ஆகக் குறைக்க ஏறத்தாழ 14 விழுக்காடு உப்பு போதும். சர்க்கரையாயின் 58 விழுக்காடு தேவை. உப்பின் மூலக்கூறு சிறியது. நீரில் இரண்டாகப் பிரிந்து செயல்படுவது. ஆகவே சிறிதளவே பெரும்பணி செய்கின்றது.

சோறும் குழம்பும்

தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோளில் காவுதடி தாங்கி, இருபுறமும் சோறும் கறியும் சுமந்து விற்றதிலிருந்து தோன்றியது நாசி கண்டார். சோற்றின் நீர்ச் செயல்திறன் 1ஐ நெருங்கியது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடு வந்து, கொதிநீரிலும் பிழைத்து, சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைக்கின்றன. அவை உண்டாக்கும் வாந்தி நஞ்சு மீண்டும் சூடுபடுத்தினாலும் அழிவதில்லை. இங்கு நீரைக் குறைக்க வழியில்லை. வெப்பத்தையே ஆள வேண்டும். சமைத்த உணவை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகவோ 5 பாகைக்குக் கீழ்க் குளிராகவோ வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. கோயில் அன்னதானத்திற்கும் திருமண விருந்திற்கும் இவ்விதி பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

பூசணத்தை வெறும் அழகுக்கேடாகக் கருதுவது ஆபத்தானது. 1988 அக்டோபரில் அண்டை மாநிலமான பேராக்கில், லோ சீ பன் என்னும் அரிசி மாவு மீயை உண்ட 13 குழந்தைகள் உயிரிழந்தனர். 1995இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு இதற்குக் காரணம் அஃப்லாடாக்சின் எனக் கண்டது. இது ஈரமேறிய தானியத்திலும் கடலையிலும் வளரும் பூசணம் சுரக்கும் நஞ்சு, சமைப்பதால் நீங்காதது. பூத்த பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு எஞ்சியதை வறுத்து உண்பது பாதுகாப்பாகாது.

மற்றொன்றும் உண்டு. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது மருத்துவ உலகின் அறிவுரை. இதனையேற்று இன்று பல வீடுகளில் ஊறுகாய்க்கு உப்பைப் பாதியாகக் குறைக்கின்றனர். நோக்கம் நன்று. ஆயினும், அந்த உப்பு சுவைக்காக மட்டும் இடப்பட்டதன்று, காவலாகவும் இடப்பட்டது. காவலை நீக்கினால் அவ்விடத்தில் வேறொன்றை நிறுத்த வேண்டும். சிறிதளவே செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, விரைவில் உண்டு தீர்ப்பதே ஏற்ற வழி. பழைய செய்முறையில் உப்பை மட்டும் குறைத்துவிட்டுப் பழையபடியே மாதக்கணக்கில் மேசைமீது வைத்தல் தகாது.

முடிவுரை

உணவில் எவ்வளவு நீர் உள்ளது என்பதைவிட, அந்நீர் கட்டுண்டுள்ளதா கட்டற்றுள்ளதா என்பதே முதன்மையான வினா. வற்றல், ஊறல், வறுவல் என நம் முன்னோர் பெயரிட்ட முறைகள் யாவும் இவ்வினாவிற்கான விடைகளே. செய்முறையைக் கைமாற்றும்போது அதன் காரணத்தையும் சேர்த்துக் கைமாற்றினால்தான், காலத்திற்கேற்ப அதனைத் தீங்கின்றி மாற்றிக்கொள்ள அடுத்த தலைமுறைக்கு இயலும். தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் முறுக்கும் கருவாடும் ஊறுகாயும் இடம்பெறுவது அதற்கு நல்ல தொடக்கமாக அமையும் என்பது நம் கருத்து.