மஞ்சளுக்கு ஏன் நீல ஒளி? பச்சிளங்குழந்தைக் காமாலையும் ஒளியின் நிறங்களும்

பிறந்த சில நாட்களேயான குழந்தையை மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் கிடத்தும்போது, பெற்றோர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. விளக்கொளி எவ்வாறு மருந்தாகும்? அது ஏன் நீல நிறமாக இருக்க வேண்டும்? திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்களில் மூத்தோர் மூன்றாவது கேள்வியையும் கேட்பதுண்டு: “காலை வெயிலில் காட்டினால் போதாதா?” இம்மூன்றுக்கும் உரிய விடை, ஒளியின் அடிப்படை இயற்பியலில் உள்ளது.

ஒளி அலையும் நிறமும்

ஒளி என்பது அலையாகப் பரவும் ஆற்றல். ஓர் அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தொலைவு அலைநீளம் எனப்படும். இது மிகச் சிறியதாதலால் நானோமீட்டரில் அளக்கப்படுகிறது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைகளையே காண்கிறது. ஊதாவும் நீலமும் குறுகிய அலைகள். சிவப்பு நீண்ட அலை. 400-க்குக் கீழ் இருப்பவை புற ஊதாக் கதிர்கள். 700-க்கு மேல் இருப்பவை அகச்சிவப்புக் கதிர்கள். இவ்விரண்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சூரிய ஒளி வெண்மையாகத் தோன்றினாலும் அது எல்லா நிறங்களின் கலவை. மழைத்துளிகள் அக்கலவையைப் பிரிக்கும்போது வானவில் தோன்றுகிறது. ஒரு பொருளின் மீது ஒளி படும்போது, சில அலைகளை அப்பொருள் உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சியவற்றைத் திருப்பி அனுப்புகிறது. நாம் காணும் நிறம் அந்த எஞ்சிய ஒளியே. மஞ்சள் கிழங்கு நீல ஒளியை உறிஞ்சிவிடுவதால்தான் மஞ்சளாகத் தெரிகிறது.

பிலிருபின் ஏன் மஞ்சள்?

பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதனை நீரில் கரையும் வடிவத்திற்கு மாற்றி, பித்தநீர் வழியே வெளியேற்றும். பிறந்த குழந்தையின் கல்லீரல் முழுத் திறன் பெறச் சில நாட்கள் ஆகும். அதுவரை பிலிருபின் தோலிலும் கண்ணிலும் படிகிறது. நிறை மாதத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கும், குறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கும் இவ்வாறு மஞ்சள் தோன்றுகிறது. பெரும்பாலும் அது தானே மறையும். ஆனால் அளவு மிகுந்தால் பிலிருபின் மூளைக்குள் புகுந்து, செவித்திறன் இழப்பையும் நிரந்தர மூளைப் பாதிப்பையும் ஏற்படுத்தக்கூடும்.

பிலிருபினும் நீல ஒளியை உறிஞ்சுவதாலேயே மஞ்சளாகத் தெரிகிறது. அதன் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான பண்பே அதற்குரிய சிகிச்சைக்கும் வழி வகுக்கிறது. 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி தோலினுள் ஊடுருவும்போது, பிலிருபின் மூலக்கூறு அந்த ஆற்றலை ஏற்று வடிவம் மாறுகிறது. மாறிய வடிவம் நீரில் கரையும். கல்லீரலின் மாற்றத்திற்குக் காத்திராமல் பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறும். சிவப்பு ஒளியைப் பிலிருபின் உறிஞ்சுவதில்லை. ஆகவே சிவப்பு விளக்கால் பயனில்லை. சிகிச்சை விளக்கில் புற ஊதாக் கதிர்கள் பயன்படுத்தப்படுவதில்லை. கண்களைக் காக்கத் துணிக்கவசம் அணிவிக்கப்படும். ஒளி படும் பரப்பு கூடினால் பயனும் கூடும் என்பதால், இடுப்புத் துணி தவிர மற்ற ஆடைகள் அகற்றப்படும்.

காலை வெயில் போதாதா?

இந்த எண்ணம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயிலில் வைத்திருந்த குழந்தையின் தோலில் ஒளி பட்ட இடம் மட்டும் மஞ்சள் வெளுத்திருந்ததை ஜே. வார்டு என்னும் செவிலியர் கவனித்தார். அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வு 1958-இல் வெளியாகி, இன்றைய ஒளிச்சிகிச்சைக்கு அடித்தளமாயிற்று.

எனினும் வெயில் சிகிச்சையாகாது. வெயிலில் நீல ஒளியுடன் தோலைச் சுடும் புற ஊதாக் கதிரும், உடலைச் சூடாக்கும் அகச்சிவப்புக் கதிரும் சேர்ந்தே வருகின்றன. குழந்தையின் உடலில் நீரிழப்பு ஏற்படலாம். மேகம், நேரம், பருவம் ஆகியவற்றுக்கேற்ப அளவும் மாறும். மருத்துவமனையில் ஒளியின் அளவைக் கணக்கிட்டு, பல மணி நேரம் தொடர்ந்து அளிக்கிறோம். கடையில் கிடைக்கும் நீல மின்விளக்கும் இதற்கு ஈடாகாது. கண்ணுக்கு நீலமாகத் தெரிந்தாலும் அதன் அலைநீளமும் செறிவும் சிகிச்சைக்கு ஏற்றவையாக இருப்பதில்லை. வெயிலை நம்பிக் காத்திருக்கும் ஒரு நாளில் பிலிருபின் ஆபத்தான அளவை எட்டிவிடக்கூடும்.

வீட்டில் எவ்வாறு பார்ப்பது?

காமாலை பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை உச்சத்தை அடையும். பல தாய்மார்கள் அதற்குள் வீடு திரும்பிவிடுவதால், அதை முதலில் காண வேண்டியவர்கள் குடும்பத்தினரே.

• பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத சன்னல் அல்லது வாசல் அருகே பாருங்கள். மஞ்சள் மின்விளக்கின் ஒளியில் நீலம் குறைவு. ஆகவே எல்லாத் தோலும் மஞ்சளாகவே தெரியும், உண்மையான மஞ்சளைப் பிரித்தறிய இயலாது. நெருங்கிய வீடுகளில் வெளிச்சம் போதாவிடில் குழந்தையை வாசலுக்குக் கொண்டு வாருங்கள்.

• நெற்றி, மூக்கு நுனி, மார்பு ஆகிய இடங்களில் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தவுடன் தோலின் நிறத்தைக் கவனியுங்கள். மாநிறக் குழந்தைகளுக்கு வெண்விழியையும் ஈறுகளையும் பாருங்கள்.

• குழந்தையின் உடலில் மஞ்சள் பூச வேண்டாம். அது காமாலையை மறைத்துவிடும்.

• கைப்பேசிப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். கைப்பேசி தானாகவே நிறங்களைச் சரிசெய்வதால் மஞ்சள் குறைந்தோ மிகுந்தோ தெரியலாம்.

• ஒளிச்சிகிச்சைக்குப் பின் தோல் வெளுத்துத் தெரிந்தாலும் இரத்தத்தில் பிலிருபின் மிகுந்திருக்கலாம். ஆகவே மருத்துவர் கூறும் இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

தாய்ப்பாலை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுங்கள். பிலிருபின் மலத்தின் வழியே வெளியேற அது உதவும். சர்க்கரை நீர், நாட்டு மருந்து எதையும் கொடுக்க வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தோன்றுதல்
• உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல்
• பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் விழிக்காமை, வீறிட்ட அழுகை, உடல் வில்லாக வளைதல், வலிப்பு
• 14 நாட்களுக்குப் பிறகும் மஞ்சள் நீடித்தல்
• மலம் வெளுத்தும் சிறுநீர் அடர்மஞ்சளாகவும் போதல். பித்தநீர் குடலை அடையவில்லை என்பதை இது உணர்த்தலாம். இதற்கு நீல ஒளி தீர்வன்று, தாமதமற்ற பரிசோதனை தேவை.

அரசு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்கான சிகிச்சையும் பரிசோதனைகளும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை அழைக்கலாம். குழந்தையின் நிறத்தில் ஐயம் ஏற்பட்டால், மறுநாள் வெயிலுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.