தலையில் விழுவது சராசரி அல்ல!

நிழல் கிடைக்கிறதே என்று தென்னை மரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு, அங்கேயே நின்று டீ குடிக்கிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் கொஞ்சம் தள்ளி நின்று இதைப் படியுங்கள்.

நல்ல உயரமான மரம். 19.6 மீட்டர் உயரத்தில் ஒரு முற்றின தேங்காய். காம்பு விட்டுப் போகிறது. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அது கீழே வந்து சேர இரண்டே செகண்ட். நீங்கள் அண்ணாந்து பார்த்து, 'ஐயோ' என்று ஆரம்பிப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

எங்கள் ஆபீஸில் நண்பர் ஒருவர் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் சராசரி எடுப்பார். அவரிடம் இதைச் சொன்னேன்.

"19.6-ஐ ரெண்டால வகுங்க சார். செகண்டுக்கு 9.8 மீட்டர். மணிக்கு 35 கிலோமீட்டர்தான் வருது. டவுன் பஸ் வேகம்! இதுக்குப் போய் பயப்படறீங்களே!"

வகுத்தல் சரிதான். ஆனால் தலை தப்பாது! காம்பை விடும்போது தேங்காயின் வேகம் பூஜ்யம். வர வர வேகம் கூடிக்கொண்டே போகிறது. தலையில் இறங்குவது சராசரி வேகம் அல்ல. தொடுகிற அந்தக் கணத்தின் வேகம்.

அது எவ்வளவு என்று கேட்டால்தான் வம்பு. வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தால் வருவது. ஒரே ஒரு கணத்தில் கடந்த தூரம்? பூஜ்யம். ஆன நேரம்? அதுவும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் கால்குலேட்டரே 'எரர்' காட்டிக் கையை விரித்துவிடும்.

இங்கேதான், ப்ளஸ் டூவில் நம்மைப் பாடாய்ப் படுத்திய 'லிமிட்' கை கொடுக்கிறது. ஓடாதீர்கள், வெறும் கழித்தல், வகுத்தல்தான்.

விழுகிற பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது என்று கலிலியோ 1638-லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டார். நேரத்தை வர்க்கப்படுத்தி 4.9-ஆல் பெருக்கினால் தூரம், மீட்டரில். இனி கடைசிக் கட்டத்தை மட்டும் பார்ப்போம்.

கடைசி ஒரு செகண்டின் சராசரி வேகம், செகண்டுக்கு 14.7 மீட்டர். கடைசி 0.1 செகண்டுக்கு மட்டும் பார்த்தால் 19.11. கடைசி 0.01 செகண்டுக்கு 19.551. கடைசி 0.001 செகண்டுக்கு 19.5951.

எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிகிறதல்லவா? 19.6! இடைவெளியைச் சுருக்கச் சுருக்க விடை அதை நெருங்கிக்கொண்டே போகிறது. எவ்வளவு பக்கத்தில் வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், அவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தலாம். அந்த எல்லைதான் லிமிட். அதுவேதான் அந்தக் கணத்தின் வேகம்.

சூட்சுமம் இதுதான்: இடைவெளியை எடுத்த எடுப்பில் பூஜ்யம் ஆக்கிவிடக் கூடாது. அது கொஞ்சமாவது இருக்கும்போதே வகுத்துவிட வேண்டும். வகுத்தால், இடைவெளியின் 4.9 மடங்கை 19.6-லிருந்து கழித்தது என்று விடை வரும். அதற்கப்புறம் இடைவெளியைச் சுருக்குங்கள். கழிக்கிற பகுதி தேய்ந்து போகும், 19.6 நிற்கும்.

"அதென்ன சார், வகுக்கும்போது இருக்கு, வகுத்தப்புறம் இல்லையா? ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு ஆளே காணாமப் போற கதையா இருக்கே!" என்றார் நண்பர்.

நண்பர் ஒன்றும் சாதாரண ஆளில்லை. நியூட்டனும் லீப்னிஸும் இந்தக் கணக்கைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1734-ல் பெர்க்லி என்கிற பாதிரியார், 'அந்த இடைவெளி பூஜ்யமா, இல்லையா? ஒன்று சொல்லுங்கள்' என்கிற ரீதியில் அதைப் பிடித்துக்கொண்டு கிண்டலடித்தார். நியூட்டன் அதற்கு 7 வருஷம் முன்பே காலமாகிவிட்டார். 1821-ல் பிரான்சின் கோஷி, 'நெருங்குவது' என்கிற எண்ணத்தின் மேல் எல்லாவற்றையும் கட்டினார். பிறகு ஜெர்மனியின் வையர்ஸ்ட்ராஸ் அதற்குச் சந்துபொந்து இல்லாமல் பூச்சு வேலை செய்தார்.

நம் நாட்டிலும் கிரகங்களின் 'தாத்காலிக கதி', அதாவது அந்தக் கணத்து வேகம் பற்றி இரண்டாம் பாஸ்கரர் 1150-லேயே யோசித்திருக்கிறார்.

சரி, தேங்காய்க்கு வருவோம். செகண்டுக்கு 19.6 மீட்டர் என்றால் மணிக்கு 70 கிலோமீட்டர்! சராசரியைப் போல் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற சக்தி நாலு மடங்கு.

நண்பர் கப்பைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகப் பைக்கை நகர்த்தினார். ஹெல்மெட் வழக்கம்போல் பெட்ரோல் டேங்க் மேல்.

"அதை ஏன் தலையில் போடக் கூடாது?" என்றேன்.

"வீட்டுக்கு 20 கிலோமீட்டர். 50 நிமிஷம் ஆகுது. சராசரி 24. இந்த வேகத்துக்கு ஹெல்மெட் வேறயா?"

"இப்பத்தானே சார் தேங்காயைப் பார்த்தோம்? 24-ஆ வர்றது மொத்தப் பயணம். சிக்னல் விழறதுக்குள்ள தாண்டிடலாம்னு முறுக்கறீங்களே, அப்போ முள் எங்கே நிக்குது?"

கொஞ்சம் யோசித்தார். "ஒரு... அறுபது, எழுபது இருக்கும்."

பைக்கில் கிலோமீட்டர் எண்கள் ஓடுகிறதே, அது எவ்வளவு தூரம் போனோம் என்று சொல்வது. பக்கத்தில் முள்ளோ, டிஜிட்டல் எண்ணோ காட்டுவது அந்தக் கணத்து வேகம். லாரியின் பின்பக்கம் கேட்பது இரண்டாவதை மட்டும்தான். மணிக்கு 70-ல் போய் முட்டுவதும், ஆறு மாடி உயரமுள்ள தென்னையிலிருந்து தரையில் விழுவதும் வேகத்தில் ஒன்றே. வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே தேங்காய், நாம்!

நண்பர் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினார். வாரை மட்டும் கட்டவில்லை.

"அதையும் கட்டுங்க சார். சராசரியா மாட்டினா போதாது!"