கறள் பிடித்த சைக்கிளுக்கு ஒரு மறுவாழ்வு

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீடு எங்கே இருந்தது? 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. எரிபொருளுக்குத் தடை வந்தது. அதன் பின்னர் ஆசுபத்திரி, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கரியரில் மூட்டையும் பாரில் பிள்ளையுமாக நாவற்குழிப் பாலத்தால் உருட்டிச் சென்றதும் இதே வாகனத்தைத்தான்.

அப்படிப்பட்ட நாம் மங்கரேக்கு வந்ததும் சைக்கிளை மறந்துவிடுகின்றோம். "இங்கே கார் இல்லாமல் ஒன்றும் நடவாது" என்று முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சாரதி அனுமதிப்பத்திரம், கார், காப்புறுதி எல்லாம் கைகூட மாதக் கணக்கில் செல்லும். அதுவரை வேலைக்குப் போவது எப்படி?

எனக்கு விமான நிலையப் பக்கம் துப்புரவு வேலை கிடைத்தது. விடியப்புறம் 5 மணிக்கு நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் வீதியால் பஸ் இல்லை. வேலையை விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த போதுதான், பக்கத்து வீட்டுச் சமோவாக்காரர் தன் கராஜில் கிடந்த பழைய பெண்கள் சைக்கிளை 20 டொலருக்குத் தந்தார். முழுக்கக் கறள். இரண்டு ரயரும் காற்றில்லை. வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "இரும்புக் கடைக்குக் கூட எடுக்கமாட்டாங்கள்" என்றாள். அந்தச் சைக்கிள்தான் ஏழு மாதம் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது.

எதை எடுக்கலாம், எதை விடலாம்

எல்லாப் பழைய சைக்கிளும் திருத்தத் தகுந்தவையல்ல. மேலோட்டமான கறளுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பெடல் அச்சு ஓடும் இடத்தையும், முன் கவட்டையையும், குழாய்கள் பொருந்தும் மூட்டுக்களையும் நன்றாகப் பாருங்கள். பெயின்ற் பொங்கியிருந்தால் திருகாணிச் சாவியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினாலோ, வெடிப்புத் தெரிந்தாலோ, கவட்டை பின்னுக்கு வளைந்திருந்தாலோ அதைச் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள்.

சந்தையில் வாங்கும்போது பெடல் அச்சுக்குக் கீழே பொறித்திருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். இலக்கம் அராவி அழிக்கப்பட்டிருந்தால் அது களவுப் பொருளாக இருக்கலாம். ஒக்லாந்தில் முன்னர் வீதியோரத்தில் பழைய பொருட்களைக் குவித்து வைப்பார்கள்; எம்மவர் பலர் அங்கேதான் தளபாடம் தேடினார்கள். 2015க்குப் பின் அந்த வழக்கம் மாறிவிட்டது. பொருட்களை அவரவர் வளவுக்குள்ளேயே வைக்கின்றார்கள். கேளாமல் எடுத்தால் அது களவு. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

கறள் கழற்றும் விதம்

நட், போல்ட், ஹான்டில் போன்ற சிறு இரும்புப் பாகங்களைக் கழற்றி, வெள்ளை வினாகிரியில் ஓரிரவு ஊறவிடுங்கள். காலையில் பழைய பற்தூரிகையால் தேய்த்தால் கறள் கரைந்து போகும். பிறகு அப்பச்சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். இந்தக் கடைசி வேலையைத் தவறவிட்டால் மறுநாளே புதுக் கறள் பிடிக்கும். புளி போட்டுக் குத்துவிளக்கு மினுக்கியவர்களுக்கு அமிலத்தின் வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மினுக்கமான குரோமியப் பூச்சு உள்ள றிம்மை மண்கடதாசியால் உரஞ்ச வேண்டாம், பூச்சுப் போய்விடும். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்.

செயினை வினாகிரியில் போடாதீர்கள். அமிலம் உருக்கை நொய்ய வைக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய் விடுங்கள். பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டிய செயின் துண்டு, அளக்கும்போது எட்டிலொரு அங்குலம் கூடியிருந்தால் புதுச் செயின் போட வேண்டும். கழுவிய மண்ணெண்ணெயை வீதிக் கானுக்குள் ஊற்றக் கூடாது. மங்கரேயில் மழைநீர்க் கான்கள் மனுக்காவ் கடலேரிக்கே போய்ச் சேர்கின்றன.

பெடல் கழற்றும்போது ஒன்றை மறவாதீர்கள்: இடது பெடலின் புரி எதிர்ப்பக்கம். அதை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழரும்.

நான் விட்ட இரண்டு பிழைகள்

முதற் பிழை ரயர். "26 அங்குலம்" என்று கேட்டு வாங்கி வந்தேன். றிம்மில் ஏறவேயில்லை. பிறகுதான் விளங்கியது, 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு அளவுகள் உள்ளன என்று. மலைச் சைக்கிளுக்கு 559 மில்லிமீற்றர். என்னுடையதைப் போன்ற பழைய 26 பெருக்கல் 1⅜ சைக்கிளுக்கு 590. பழைய ரயரின் பக்கத்தில் 37-590 என்பது போல எழுதியிருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எமது ஊர் 28 அங்குலப் பெரிய சைக்கிளுக்கு அது 635.

இரண்டாம் பிழை பாரதூரமானது. காசு மிச்சம் பிடிக்க எண்ணிப் பழைய பிறேக் கட்டைகளையே விட்டுவிட்டேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. ஆனால் றப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது. ஒரு மழைநாள் சந்தியில் பிறேக்கை இறுக்கிப் பிடித்தும் சைக்கிள் நிற்கவில்லை. ஒரு லொறிக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு போனேன். அந்தச் சாரதி கண்டு நிறுத்தியதால்தான் இதை எழுதுகின்றேன். இரும்பு றிம் நனைந்தால் புதுக் கட்டை கூடச் சற்றுத் தாமதமாகத்தான் பிடிக்கும். ஆகவே மழையில் முற்கூட்டியே மெதுவாக அழுத்தத் தொடங்குங்கள்.

கறள் கழற்ற மிச்சம் பிடிக்கலாம். பெயின்ற் அடிக்காமலே விடலாம். பிறேக் கட்டை, பிறேக் கம்பி, ரயர் இந்த மூன்றிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

என் கணக்கு இதோ. சைக்கிள் 20 டொலர். ரியூப் இரண்டு 24. ரயர் ஒன்று 30. பிறேக் கட்டைகள் 24. கம்பிகள் 16. வினாகிரி, எண்ணெய், இரும்புத் தும்பு 20. மொத்தம் 134 டொலர். தலைக்கவசமும் விளக்குகளும் மேலும் 60. கடைக்குக் கடை விலை மாறும், விசாரித்து வாங்குங்கள்.

சட்டம் சொல்வது

ஊரில் நாம் அறியாத ஒன்று தலைக்கவசம். நியூசிலாந்தில் 1994 ஜனவரி 1 முதல் வீதியில் சைக்கிள் ஓடும் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அது கட்டாயம். அதைப் பழையதாக வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்ட கவசம் வெளியே தெரியாமல் உள்ளே வெடித்திருக்கும். பொழுதுபட்டது முதல் விடியும்வரை முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் 200 மீற்றர் தூரத்துக்குத் தெரிய எரிய வேண்டும். பின்னுக்குச் சிவப்புப் பிரதிபலிப்பானும் வேண்டும். 1988 முதல் செய்யப்பட்ட சைக்கிளென்றால் இரண்டு சில்லுக்கும் பிறேக் இருக்க வேண்டும். அதற்கு முந்தியதற்குப் பின் பிறேக் போதுமென்று சட்டம் சொன்னாலும், என் அனுபவத்தைக் கேட்டபின் நீங்கள் இரண்டையும் பூட்டுவீர்கள் என நம்புகின்றேன். பாரில் ஆள் ஏற்றும் ஊர்ப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

கருவிகள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மங்கரேயிலும் நியூ லின்னிலும் சைக்கிளைத் தாமே திருத்த விரும்புவோருக்குக் கருவியும் ஆலோசனையும் தரும் சமூகச் சைக்கிள் நிலையங்கள் இயங்கி வந்திருக்கின்றன. போகுமுன் திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மொழி தடையல்ல; சைக்கிள் நட்டுக்கு ஆங்கிலம் தெரியாது.

மங்கரே பெரும்பாலும் சமதரை, எமது குடாநாட்டைப் போல. 2022இல் திறக்கப்பட்ட புதிய 'ங்கா ஹவ் மங்கரே' பாலம் நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் மட்டுமே உரியது. அதனால் ஒனேஹங்கா வரை கார்ப் பயமின்றிக் கடலைக் கடக்கலாம்.

இப்போது எங்களிடம் கார் இருக்கின்றது. ஆனாலும் அந்தச் சைக்கிளை விற்கவில்லை. போன மாதம் எங்கள் மகன் அதன் பின் சில்லைக் கழற்றி, தண்ணீர்ச் சட்டிக்குள் ரியூப்பை அமிழ்த்தி, குமிழி வரும் இடம் பார்த்துத் தானே ஒட்டுப்போட்டான். ஊரில் என் தகப்பனார் எனக்குக் காட்டித்தந்த அதே முறை. உங்கள் கராஜிலும் ஏதாவது கறள் பிடித்துக் கிடந்தால், வருகிற சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அதை வெளியே எடுங்கள்.