மூச்சோடு போகும் எடை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எல்லாமே எடைக் கணக்குதான். மண்டி வாசலில் லாரி வந்து நின்றால் அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக இறங்கும். ஓமலூர் பக்கத்து ஆலைகளில் காய்ச்சிய வெல்லம் முப்பது கிலோ சிப்பமாக வந்து ஏலம் போகும். நாலு சந்து தள்ளினால் கொலுசுப் பட்டறைகள். அங்கே பொடி வெள்ளிக்கும் கணக்கு உண்டு. வந்த சரக்கும் போன சரக்கும் நேராகாமல் இங்கே யாரும் ஏட்டை மூட மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒருவர் பத்துக் கிலோ இளைத்துவிட்டார் என்றால், அந்தப் பத்துக் கிலோ எந்த வழியாக வெளியே போனது?

'எரிந்து சக்தியாகிவிட்டது' என்பதுதான் பலரும் சொல்லும் பதில். சக்தி பிறக்கிறது என்பது உண்மை. ஆனால் கொழுப்பிலிருந்த அணுக்கள் ஒன்றுகூடக் காணாமல் போவதில்லை. ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்தக் கணக்கை முழுதாக எழுதிக் காட்டினார்கள். மருத்துவர்களையும் உணவியலாளர்களையும் உடற்பயிற்சி ஆசிரியர்களையும் முன்கூட்டிக் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோர் சொன்ன பதில் தவறு.

விடை, மூச்சு. நம் உடம்பில் சேரும் கொழுப்பின் சராசரி மூலக்கூறு ஒன்றில் 55 கரிம அணுக்கள், 104 ஹைட்ரஜன் அணுக்கள், 6 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. கரிமம் என்பது அடுப்புக்கரியில் இருக்கும் அதே தனிமம். பத்துக் கிலோ கொழுப்பு முழுதும் கரைய, 29 கிலோ ஆக்சிஜனை நாம் உள்ளே இழுக்க வேண்டும். முடிவில் 28 கிலோ கரியமில வாயுவும் 11 கிலோ தண்ணீரும் வெளியேறும். அந்தப் பக்கம் 39, இந்தப் பக்கமும் 39, கணக்கு நேர். கொழுப்பின் பத்துக் கிலோவை மட்டும் பிரித்துப் பார்த்தால், 8.4 கிலோ நாசி வழியாகக் காற்றில் கலக்கிறது. மீதி 1.6 கிலோதான் சிறுநீராகவும் வியர்வையாகவும் போகிறது.

அப்படியானால் வேகமாக மூச்சு விட்டால் சீக்கிரம் இளைக்கலாமா? முடியாது. தலைதான் சுற்றும். செல்களுக்குள் கொழுப்பு எரிந்து முடிந்த பிறகுதான் கரியமில வாயு நுரையீரலுக்கு வந்து சேருகிறது. எழுபது கிலோ எடையுள்ளவர் தூக்கம், ஓய்வு, லேசான வேலைகள் என்று கழியும் ஒரு நாளில் சுமார் 17,000 முறை மூச்சு விட்டு, 200 கிராம் கரிமத்தை வெளியேற்றிவிடுகிறார். தூங்கும்போதும் இது நடந்துகொண்டே இருக்கிறது. அதே ஆள் ஒரு மணி நேரம் மெல்ல ஓடினால் அன்றைய கணக்கில் கூடுதலாக 40 கிராம் போகும். இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும்: அரை கிலோ சர்க்கரையில் 210 கிராம் கரிமம் இருக்கிறது. ஒரு நாள் முழுதும் மூச்சு வழியே போனதைத் திரும்ப உள்ளே வைக்க அரை கிலோ இனிப்பு போதும்.

'சர்க்கரை வேண்டாம், வெல்லம் போட்டுக்கொள்கிறேன்' என்போர் இந்தப் பக்கம் அதிகம். வெல்லத்துக்குச் சுவை உண்டு, மணம் உண்டு, கொஞ்சம் தாதுச் சத்தும் உண்டு. ஆனால் நூறு கிராம் சர்க்கரையில் 400 கலோரி என்றால், வெல்லத்தில் ஏறக்குறைய 380. இளைப்பதற்கு அது வழியல்ல. இதை நம் ஊர்க்காரர்களிடம் தயங்காமல் சொல்லியாக வேண்டும்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஒரு வாரத்தில் அதைக் கரைக்க நினைத்தால் நாளொன்றுக்கு 1,100 கலோரி குறைய வேண்டும். உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் ஒரு நாள் தேவையில் அது பாதிக்கு மேல். 'வாரத்தில் நாலு கிலோ' என்று சுவரொட்டிகள் சொல்வது எப்படி நடக்கிறது? தசையிலும் கல்லீரலிலும் நாம் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சிறிது இருப்பு வைத்திருக்கிறோம். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி கிடந்தால் முதலில் இந்த இருப்புதான் தீரும், தண்ணீரும் கூடவே போகும். எடை மெஷின் முள் இறங்கும்; கொழுப்பு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். ஒரு விருந்து சாப்பிட்டால் அத்தனை தண்ணீரும் திரும்பி வந்துவிடும்.

மெதுவாகக் குறைவதற்கு வேறொரு கணக்கு இருக்கிறது. ஒருவர் நாளுக்கு மூன்று டீ குடிக்கிறார், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 கிராம், 120 கலோரி. அதை நிறுத்திவிட்டு வேறெதையும் கூட்டிக்கொள்ளாமல் இருந்தால் என்ன ஆகும்? வெறும் பெருக்கல் வகுத்தலில் ஆண்டுக்கு ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வரும். பத்தாண்டில் 57 கிலோ குறைந்து ஆளே இருக்க மாட்டார்! அப்படி நடப்பதில்லை. உடம்பு சிறுக்கச் சிறுக்க அதை நடத்த ஆகும் செலவும் குறைகிறது. அமெரிக்காவின் கெவின் ஹால் குழுவினர் 2011இல் இதற்கு ஒரு வாய்பாடு தந்தார்கள்: தினமும் 24 கலோரி குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும், அதில் பாதி குறையவே ஓராண்டு ஆகும், கிட்டத்தட்ட முழுதும் குறைய மூன்றாண்டு. டீக்காரர் கணக்கில் முதல் ஆண்டில் இரண்டரைக் கிலோ, பிறகு நிதானமாக ஐந்து கிலோ. உடம்பின் இயல்பான வேகமே இதுதான். ஆறாம் மாதத்தில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று கைவிடுகிறவர்கள் பாதி வழியைக்கூட எட்டியிருக்க மாட்டார்கள்.

இனி உழைப்புக்கு வருவோம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரே கூரையின் கீழ் இரண்டு உலகம். லோடுமேன் முதுகில் மூட்டையோடு பலகை ஏறி இறங்குகிறார். முதலாளி காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். யார் அதிகம் சாப்பிடுவார்? ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞர் இதே கேள்வியை மேற்கு வங்கத்தின் ஒரு சணல் ஆலையில் எழுப்பி, இந்திய ஆய்வாளர்களுடன் 213 ஆண்களின் உணவையும் எடையையும் அளந்தார். முடிவு 1956இல் வெளியானது. நடுத்தர வேலை முதல் கடும் உழைப்பு வரை, உழைப்புக்கு ஏற்ப உணவு சீராகக் கூடியது. எடை அநேகமாக மாறவில்லை. ஆனால் உழைப்பு ஒரு வரம்புக்குக் கீழே போனதும் கணக்கு தலைகீழானது. கடைத்தெருவில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்த கடைக்காரர்கள் குறைவாகச் சாப்பிடவில்லை. சுமை தூக்குவோருக்கு இணையாகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்கே அதிகம். வேலை குறைந்தால் பசியும் குறையும் என்றுதான் நாம் நம்புகிறோம். ஓரளவு அசைவு இருக்கும்வரைதான் அந்த நம்பிக்கை செல்லும் என்று அந்த ஆய்வு காட்டியது. நடப்பதால் எரியும் கலோரி சொற்பமாக இருக்கலாம். பசியை அதன் தடத்தில் வைப்பது நடையின் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

உடற்பயிற்சி என்று பெயர் பெறாத அசைவுகளும் சாமானியமானவை அல்ல. எழுந்து நிற்பது, படியேறுவது, பேசிக்கொண்டே உலாத்துவது எல்லாம் இதில் சேரும். 1999இல் ஜேம்ஸ் லெவைன் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் தேவைக்கு மேல் ஆயிரம் கலோரி கொடுத்தார்கள். ஒருவருக்குக் கூடிய கொழுப்பு 360 கிராம். இன்னொருவருக்கு நாலே கால் கிலோ! இளைத்தே இருந்தவர்கள் தம்மை அறியாமல் அதிகம் அசைந்துகொண்டிருந்தார்கள். கொலுசுப் பட்டறையில் குனிந்த தலை நிமிராமல் வளையம் கோத்துப் பற்றவைக்கிறவர் மணிக்கொருமுறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால், அதுவும் ஏட்டில் ஏறும்.

கொழுப்பைச் சேர்த்து வைக்கும் செல்களின் கதை இன்னும் விநோதமானது. இளைத்தால் அவை அழியும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. சரக்கு இறக்கிய பிறகு கிடங்கில் மடித்து வைத்த சாக்குகள்போல, எண்ணிக்கை குறையாமல் சுருங்கி இருக்கும். ஸ்வீடனில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு 2008இல் இதைக் கண்டறிந்த விதம் அபாரம். 1963 அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு முன் வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கரிமம் பெருகியது. அது பயிர் வழியாக மனித உடம்புக்குள் போய், செல் பிறந்த ஆண்டின் முத்திரையாக டி.என்.ஏவில் தங்கிவிட்டது. அந்த முத்திரையைப் படித்தவர்கள் சொன்னது இது: ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு கொழுப்புச் செல்கள் மடிகின்றன, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன.

சுருங்கிய செல்கள் சும்மா இருப்பதில்லை. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற இயக்குநீரைச் சுரந்து, இருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன. ஜெஃப்ரி ஃப்ரீட்மன் 1994இல் கண்டுபிடித்தது இது. இருப்பு குறைந்தால் லெப்டின் குறையும், பசி மூளும். பட்டினி கிடப்பவர் தோற்பது மனவலிமை இல்லாததால் அல்ல; பஞ்சத்துக்குத் தயாராக வளர்ந்த ஒரு மூளையோடு அவர் மல்லுக்கட்டுகிறார். ஆகவே வயிறு நிறையும்படி உண்டே குறைப்பதுதான் புத்திசாலித்தனம். புரதத்தைச் செரிக்கவே அதன் சக்தியில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகிறது; மாவுச்சத்துக்கு 5 முதல் 10 தான். நாமக்கல் முட்டை ஒன்றில் சுமார் 70 கலோரி, 6 கிராம் புரதம். கொல்லிமலைச் சாமை, கேழ்வரகுக் களி, கொள்ளு ரசம், தட்டில் பாதியளவு காய் என்று அமைந்தால் பசியும் அடங்கும், கணக்கும் இறங்கும்.

நமக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனின் ஜான் யட்கின் என்ற இரு மருத்துவர்கள் 2004இல் தங்கள் படத்தை லான்செட் இதழில் அருகருகே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. மெலிந்த தோற்றத்துக்குள் இந்திய உடம்பு கொழுப்பை, அதிலும் வயிற்றில், ஒளித்து வைக்கிறது. அதனால்தான் எடை மெஷினை மட்டும் நம்பாமல் இடுப்புக்கு டேப் வைக்கச் சொல்கிறார்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போகாமல்.

சென்னையில் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதில் இன்னொரு கதவைத் திறந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மற்றொரு பிரிவினர் தினமும் அரைமணி நேரம் விறுவிறுவென்று நடந்தார்கள், சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டினார்கள். மூன்றாண்டில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. இரண்டாவதில் 39 பேருக்கு. நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். வியப்பு என்னவென்றால், நடந்தவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. தசை சுருங்கி விரியும்போது, செல்லுக்குள் இருக்கும் க்ளூட்-4 என்ற புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து, இன்சுலின் அழைக்காமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. நடை முடிந்து பல மணி நேரம் வரை அந்தத் தசைக்கு இன்சுலினும் நன்றாகவே வேலை செய்கிறது. எடை மெஷின் முள் அசைவதற்கு எத்தனையோ மாதம் முன்பு, முதல் நாள் நடையிலேயே இது தொடங்கிவிடுகிறது.