வீட்டுப் பழக்கம் ஒன்று, பள்ளி விதி வேறு: செஞ்சி வகுப்பறைகளில் ஆசிரியர் என்ன செய்யலாம்?

செஞ்சி என்றதும் கோட்டைதான் ஞாபகம் வரும். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பிடித்தாச்சு. ஆனால் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில், ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் வெவ்வேறு பழக்கம் உள்ள வீடுகளில் இருந்து வர்றாங்க.

முட்டைக்கு வழி இருக்கு, மாலை வகுப்புக்கு?

மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த தமிழ்ச் சமணர்கள் இந்தப் பகுதியில் கணிசமாக வாழ்கிறார்கள். பேசுவது தமிழ்தான் என்பதால், வித்தியாசம் ஆசிரியர் கண்ணில் படாமலே போகலாம். முட்டை, இறைச்சி கிடையாது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது பல வீடுகளில் இன்னும் வழக்கம்.

சத்துணவில் முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் உண்டு. பத்தாம் வகுப்பு மாலை ஸ்பெஷல் கிளாஸ் இருட்டும் வரை நீண்டால்? கேட்கத் தயங்கும் பிள்ளை பசியோடு உட்காரும், இல்லைன்னா மட்டம் போடும். ஐந்தரை மணிக்கு கால் மணி நேரம் சாப்பாட்டுக்கு விட்டால் போதும்.

இருளர் பிள்ளைகள்

இங்கேதான் சிக்கல் பெரிசு. செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போகும். பள்ளிக்கு அது ஆப்சென்ட். பெற்றோருக்கோ, பிள்ளையைத் தனியே விடாதது பொறுப்பு. திரும்பி வந்த அன்று விழும் திட்டோடு சில பிள்ளைகள் படிப்பையே நிறுத்திடலாம்.

கிளம்பும் முன்பே 'எந்த ஊர் சூளை, எப்போ வருவீங்க' என்று கேட்டு வைப்பது நல்லது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5-ன்படி அந்த ஊர் அரசுப் பள்ளியில் சேரலாம். டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்க முடியாது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. ஆசிரியர் சொன்னால்தான் உண்டு.

அமெரிக்காவின் அரிசோனாவில் லூயிஸ் மோல் குழுவினர் 1990-களில் ஆசிரியர்களை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அறிவுரை சொல்ல அல்ல, அந்த வீட்டுக்கு என்ன தெரியும் என்று கற்றுவர. பாம்பு பிடிக்கும் திறமைக்காக இரண்டு இருளர்கள் 2023-ல் பத்மஸ்ரீ பெற்ற மாநிலம் இது. அறிவியல் பாடத்தில் பாம்பு வரும்போது அந்தப் பிள்ளையிடம் கேட்கலாமே!

எல்லாத்துக்கும் வளையணுமா?

இல்லை. சாதிக் கயிறு, பக்கத்துப் பிள்ளையோடு சாப்பிடாதே என்ற வீட்டு உத்தரவு, பெண் பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்துவது: இதில் பள்ளி இறங்கி வரக் கூடாது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என நீதிபதி சந்துரு குழுவும் 2024-ல் பரிந்துரைத்தது. ஆனால் பிள்ளையின் கையில் இருந்து எல்லார் முன்னாடியும் அறுத்து எறிவதைவிட, பெற்றோரை அழைத்துப் பேசுவதே பலன் தரும்.

பேச இடமும் இருக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கூலி வேலைக்குப் போகும் தாய் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைக்கணும்.